எலி டாக்டர் சொன்னது

"என் பையன் எலி புடிக்கிறான், என் மருமக எலிக்கு வைத்தியம் பாக்கறா. இந்த வீட்டுல பூனைக்குத்தான் வேலை இல்ல" என்று வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் சொல்லிச் சிரிப்பார்.

வைத்தியம் இல்லை அத்தை, ஆராய்ச்சி என்று ஆரம்பத்தில் அவள் திருத்திப் பார்த்தாள். மாமியார் காதில் போட்டுக்கொண்டால்தானே. கல்யாணமான வருடமே 'எலி டாக்டர்' என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. போனில் மகனைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, எலி டாக்டர் சாப்பிட்டாளா என்பதாகத்தான் இருக்கும்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. கணவனும் மனைவியும் ஒரே ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அவனுக்கு வெளி வேலை. தானியக் கிடங்கு, வாய்க்கால் கரை, குப்பை கொட்டும் மேடு என்று அலைந்து கூண்டு வைப்பான். வயலெலியோ கிடங்கெலியோ, எது விழுந்தாலும் எடை பார்த்து, வால் நீளம் அளந்து, குடலில் இருப்பதைச் சிறு ட்யூபில் எடுத்துப் பனிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான். அவள் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். எலிக் குடலில் குடியிருக்கும் வைரஸ்களின் மரபணுவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்து, எது எதற்குப் பங்காளி, எது எங்கே சம்பந்தம் வைத்துக்கொண்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான வைரஸ்கள் எலியோடு பிறந்து எலியோடு போகிறவை. மனிதனை எட்டிக்கூடப் பார்க்காது. எப்போதாவது ஒன்று வேலி தாண்டுமா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. பல வருடமாக அவளும் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாள். வாய்விட்டு மட்டும் சொன்னதில்லை.

இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். தனியாக இருக்கும்போது நீ, வா, போ. மாமியார் முன்னால் மட்டும் அவளுக்கு 'நீங்க' வந்துவிடும். அது மாமியாருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்.

ஒரு வருடமாக மாமியார் மகள் வீட்டில் இருந்தார். ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தரும் மருத்துவமனை அங்கிருந்து நடக்கிற தூரம், அதனால்தான் போனது. ஆனால் உறவுக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? மருமகள்தான் கிளப்பிவிட்டாள் என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவளுக்கும் மாமியாருக்கும் சண்டை என்று ஒன்று பெரிதாக வந்ததில்லை. சமையலறையில் யார் கை ஓங்குவது என்பதில் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்ததுண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணவன் அம்மாவைப் பார்க்கப் போவான். கூடவே உட்கார்ந்து, தொலைக்காட்சித் தொடரில் வருகிறவர்களை அம்மாவோடு சேர்ந்து திட்டிவிட்டு வருவான். மாமியாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாரம் முழுவதும்.

மழைக்காலம் தொடங்கின சமயம், கணவன் ஒரு பழைய தானியக் கிடங்கில் கூண்டு வைக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தான். வந்ததும் வராததுமாக வயிறு கெட்டது. ஒரு நாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். மறுநாளே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். கிடங்குக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் மேல் பழியைப் போட்டான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் மாமியாருக்கு அப்போதுதான் ஒரு சுற்று மருந்து ஏற்றி முடிந்திருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, சின்னக் கிருமி ஒட்டினாலும் ஆபத்து. இந்த ஞாயிறு போகாதே, எதற்கும் பார்த்துவிடலாம் என்று சொல்லி அவனுடைய மலத்தை ஒரு ட்யூபில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதுவரை எல்லாம் சரிதான்.

மறுநாள் விடுமுறை. ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. கிடங்கு எலிகளின் ட்யூப்களை அன்றைக்கே பார்க்கலாம் என்று போயிருந்தாள். மனித மாதிரியை எலி மாதிரியோடு ஒரே மேசையில் தொடக் கூடாது. தனி அறை, தனிக் கருவிகள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் இதைத் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பாள். அந்தத் தனி அறையின் சாவி அலுவலரிடம் இருந்தது. அவர் ஊரில் இல்லை. ஒரு ட்யூப்தானே என்று எலிகளின் வரிசையோடு வரிசையாகக் கணவனுடையதையும் வைத்தாள். வரிசையின் கோடியில், சோதனைக்குச் சோதனையாக, வெறும் தண்ணீர் ஊற்றிய ட்யூப் ஒன்றும் இருந்தது. வைரஸ் இருக்கும் ட்யூபுக்குச் சோதனையில் ஒரு கோடு விழும், தண்ணீரில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் கலப்படம் என்று அர்த்தம்.

தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. கணவனுடைய ட்யூபில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

அந்தக் கோட்டில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படிக்கக் கொடுத்து வாங்கினாள். வைரஸின் மரபணுவில் ஒரு சிறு துண்டுதான் அது. ஆனால் அப்படியே கிடங்கு எலியில் இருந்த, ஆஸ்ட்ரோ என்ற குடல் வைரஸின் துண்டு. எலியிலிருந்து மனிதனுக்கு. அதுவும் தன் வீட்டு மனிதனுக்கு. அன்று மாலை கணவனிடம் சொன்னபோது அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நானும் உன் சாம்பிள் ஆயிட்டேன்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு வெகு நாள் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கணவன் உடம்பில் எலி வைரஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பரிசு வாங்கின குழந்தை மாதிரி நின்றிருக்கிறாள்.

துறைத் தலைவர் செய்தி கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கட்டுரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்பதுவரை பேசினார். முழு மரபணுவையும் படிக்க, எலிகளுடையதோடு அதே ட்யூபையும் வேறு ஊரில் இருக்கும் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்னால் மிச்சம் இருக்கும் மலத்திலிருந்து இன்னொரு தடவை, தனி அறையில், முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்த நாளை வரவேயில்லை.

இந்த வகை வைரஸ், வயிறு சரியான பிறகும் வாரக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி அடியோடு போனவர்களுக்கு மூளைவரை ஏறின சம்பவங்கள் உண்டு. இதெல்லாம் உண்மை. அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. முழு முடிவு வரும்வரை அம்மாவைப் பார்க்கப் போக வேண்டாம் என்றாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வேலை விஷயத்தில் அவள் சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது.

நாத்தனாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு தம்பி, அவனையும் வரவிடாமல் செய்தால் எப்படி என்று போனில் குரல் உயர்ந்தது. அவள் பொறுமையாக விளக்கினாள். விளக்க விளக்க, தான் பேசுவது வகுப்பெடுக்கிற மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குள் போகாவிட்டால் என்ன, தெருவிலிருந்தாவது பார்க்கலாமே என்று கணவன் கிளம்பினான். அவளும் கூடப் போனாள். நாத்தனார் வீடு மூன்றாவது மாடி. எதிர் நடைபாதையில், ஒரு பூட்டிய சலவைக் கடையின் முன்னால் இருவரும் நின்றார்கள். மாமியாரைப் பிடித்துக் கூட்டிவந்து பால்கனி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். அங்கிருந்து பார்க்க ஒரு கைப்பிடி அளவுதான் தெரிந்தார். அம்மாவும் பிள்ளையும் போனில் பேசிக்கொண்டார்கள். போகிற வருகிற வண்டிச் சத்தத்தில் அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். பாதியில் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"உன் எலிப் பட்டாளத்துல என் பையனையும் சேத்துட்டியா?" என்றார் மாமியார். குரல் இளைத்திருந்தது, கிண்டல் இளைக்கவில்லை.

"கொஞ்ச நாள்தான் அத்தை. ரிசல்ட் வந்துடும். அப்புறம் அவரே உங்களுக்குப் போதும் போதும்னு ஆகற வரைக்கும் வருவாரு."

"வரட்டும், வரட்டும். நான் எங்க போகப் போறேன்?"

அடுத்த வாரம் புதன்கிழமை காலை நாத்தனார் கூப்பிட்டார். அம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல், மூச்சுத் திணறுகிறது, மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, நுரையீரலில் கிருமி என்கிறார்கள். கணவனுடைய வயிற்றுக் கோளாறுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகக்கவசம், கையுறை, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொல்கிறாராம். கணவன் பேசிக்கொண்டே செருப்பை மாட்டினான். மாட்டிவிட்டு நின்றான்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டான்.

போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பான். அவளுக்கு அந்தக் கணத்தில் மாமியாரின் ரத்தப் பரிசோதனைக் கணக்கு கண் முன்னால் ஓடியது. அதோடு இன்னொன்றும் ஓடியது என்று பின்னால் அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். இப்போது போ என்றால், இத்தனை நாள் போகாதே என்று சொன்னதற்கு என்ன மரியாதை?

"அந்த டாக்டருக்கு இந்த வைரஸ் பத்தித் தெரியாது. உள்ள போகாத. வாசல்ல இரு, நானும் வரேன்."

வாசலில்தான் இருந்தார்கள். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில். நாத்தனார் இரண்டு முறை கீழே வந்து தம்பியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் மூன்றாவது முறை வந்தபோது தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு உள்ளே போக யாரும் தடை சொல்லவில்லை. தடுத்துக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லையே.

இறுதிக் காரியங்களுக்கு வந்த உறவுக்காரர்கள் அவளுக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தார்கள். உயிரோடு இருக்கும்போது கிளப்பிவிட்டாள், சாகும்போது பிள்ளையைக் கட்டிப்போட்டாள் என்றாள் ஒருத்தி. கணவன் திரும்பி அந்த உறவுக்காரியைப் பார்த்து, அம்மா உயிரைக் காப்பாற்றத்தான் என் பெண்டாட்டி பார்த்தாள், தெரியாததைப் பேச வேண்டாம் என்று சொன்னான். அந்த ஆதரவைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரத்தைக் கடத்தினாள்.

முழு முடிவு அதற்குப் பிறகு வந்தது. காலையில் ஆய்வகத்துக்குப் போய்க் கணினியைத் திறந்து, கணவனுடைய வைரஸையும் எலிகளுடைய வைரஸ்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். ஏழாயிரத்துக்குக் குறையாத எழுத்துகள். ஒரே கிடங்கில், ஒரே சுவரோரம் பிடித்த எலிகளுக்குள்ளேயே அங்கங்கே எழுத்து மாறியிருந்தது. அது இயல்பு, இந்த வைரஸ் நகல் எடுக்கும்போதெல்லாம் பிழை விடும். கணவனுடையது மட்டும் ஒரே ஒரு எலியின் வைரஸோடு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அச்சு அசலாக ஒத்துப்போயிற்று. எந்த எலி என்று பார்த்தாள். அன்றைக்கு வரிசையில் அவன் ட்யூபுக்கு அடுத்த ட்யூபில் இருந்த எலி.

வேறு யாருக்கும் விளங்க நேரம் பிடித்திருக்கும். அவளுக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. எழுந்து போய்த் தனி அறையின் சாவியை வாங்கினாள். உறைபெட்டியிலிருந்து மிச்ச மாதிரியை எடுத்தாள். புதுக் கையுறை, புதுக் கருவிகள். அன்று முழுக்க யாரோடும் பேசாமல் முதலிலிருந்து செய்தாள். மங்கலாகக்கூட ஒன்றும் தெரியவில்லை. அப்போதும் விடவில்லை, இன்னொரு தடவை செய்தாள். கணவன் குடலில் எலி வைரஸ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது அவள் கையில் இருந்த, துளியை உறிஞ்சி விடும் பிப்பெட் குழாயிலிருந்து, ஒரு துளியில் நூற்றில் ஒரு பங்காக, பக்கத்து ட்யூபுக்குத் தெறித்திருக்கிறது. கோடியில் இருந்த தண்ணீரை அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

அவன் ஆய்வு நிலையத்தின் பின்கட்டில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்து, தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் முன்னுரை எதுவும் வைக்காமல் நேராகச் சொன்னாள். அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்ப ஒரு தடவை செஞ்சு பாத்திருந்தா, அப்பவே தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிருக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள்."

"ஏன் பாக்கல?"

சாவி இல்லை, வேலை நெருக்கடி, அத்தைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்ற பயம் என்று சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நிஜமும்கூட.

"பாத்தா இல்லாம போயிடுமோன்னு இருந்துச்சு" என்றாள்.

அவன் குழாயை மூடினான். கழுவின கூண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான். கழுவாதவற்றையும் அதோடு சேர்த்து அடுக்கினான். பிறகு, அக்காவிடம் தான் சொல்லப் போவதில்லை, அவள் சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளட்டும் என்றான். வீட்டுக்கு வந்த பிறகும் கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று மூச்சு விட முடிந்திருக்கும்.

துறைத் தலைவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. ஆராய்ச்சியில் இதெல்லாம் நடப்பதுதான், நல்லவேளை அச்சேறுவதற்கு முன்னால் தெரிந்தது என்றார் அவர். நல்லவேளை என்ற வார்த்தையை அவள் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வீட்டுக்குத் தனியாகப் போனாள். மாமியார் படுத்திருந்த அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். நாத்தனார் கட்டிலின் வெறும் பலகையில் உட்கார்ந்து, துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். ட்யூப், துளி, வரிசை என்று அவள் விளக்கியதை எவ்வளவு தூரம் பின்பற்றினாரோ தெரியாது. முடிவை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாங்கா."

"ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்கலாம்."

"ஆமா."

நாத்தனார் ஒரு புடவையை மடித்தார். சரியாக வரவில்லை, உதறி மறுபடி மடித்தார்.

"அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில அம்மா அவனத்தான் கேட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அம்மாவுக்கு மூச்சே விட முடியல. மூஞ்சியில மாட்டியிருந்தத இழுத்துவிட்டுட்டு, 'எலி டாக்டர் சொன்னா காரணம் இருக்கும், அவன நச்சரிக்காத'ன்னாங்க." மடித்த புடவையை ஓரமாக வைத்தார். "உனக்குப் பெருமையா இருக்குமேன்னுதான் இத உன்கிட்ட சொல்லாமயே வச்சிருந்தேன். இப்பச் சொல்லலாம்."

அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்றும் இருந்தது. மடித்த துணிகளைப் பெட்டியில் அடுக்க உதவட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, பார்த்துப் போ, படியில் விளக்கு எரியாது என்றும் சொன்னார்.

கிடங்கு எலிகளைப் பற்றிய கட்டுரை பின்னால் வெளியானது. எலிக் குடலில் இருக்கும் ஆஸ்ட்ரோ வைரஸ்களின் மரபணு எப்படியெல்லாம் கிளை பிரிகிறது என்பதைப் பற்றியது. மனிதன் என்ற பேச்சே அதில் இல்லை. கணவன் பெயரும் அவள் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. நல்ல கட்டுரை என்றார்கள். அவள் ஒரு தடவைகூட முழுதாக எடுத்துப் படிக்கவில்லை.

வீட்டில் எல்லாம் பழையபடிதான் இருந்தது என்று வெளியாட்கள் சொல்லுவார்கள். அவன் அவளைக் குத்திக்காட்டினதில்லை. சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், சேர்ந்துதான் வேலைக்குப் போனார்கள். முன்பெல்லாம் ட்யூப்களைக் கொண்டுவந்து கொடுத்தால், என்ன தெரிந்தது என்று குடைந்துகொண்டே இருப்பான். இப்போது கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போனான். நீயும் வா என்று கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மழை தொடங்கினபோது அவன் மறுபடி வெளியூர் போனான். சொன்ன தேதிக்கு ஒரு நாள் தள்ளி வந்தான். வண்டி பழுதாகிவிட்டது என்றான். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், சரி என்று கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆய்வு நிலையத்தின் வாசலில், அவனோடு போயிருந்த ஜீப் ஓட்டுநர் அவளைப் பார்த்து நின்றார். நல்ல மனிதர், அவனோடு பல வருடம் அலைந்தவர்.

"சார் இப்ப எப்படி இருக்காரு மேடம்? அன்னைக்கு ராத்திரி பயந்தே போயிட்டேன். அப்படி ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரியில படுக்க வச்சு மருந்து ஏத்தினாங்களே, அதனாலதான ஒரு நாள் தள்ளி வந்தோம், சொல்லியிருப்பாரே."

அவள் தோள்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னாரு. இப்பப் பரவால்ல" என்றாள்.

ஓட்டுநர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் போனார். அவள் படியேறி, கையைக் கழுவி, அன்றைய ட்யூப்களை உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள்.